இதயத்தை இழுத்தால் மின்துடிப்பு மாறுமா? (விவாத இழை)

கம்பிவலை:
வணக்கம். நான் டாக்டர் இல்லை, மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். போன வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மானிட்டரின் திரை விட்டுவிட்டு அணைகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்துப் படுக்கையில் ஒருவருக்குக் கழுத்து ரத்தக் குழாய் வழியாக மெல்லிய வயர் ஒன்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். சீராக ஓடிக்கொண்டிருந்த ஈசிஜியில் திடீரென்று மூன்று துடிப்புகள் அகலமாக, கோணல்மாணலாக வந்தன. வயரைப் பிடித்திருந்த டாக்டர் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீப் சத்தத்தின் தாளம் மாறியதைக் கேட்டே வயரை இரண்டு விரற்கடை வெளியே இழுத்தார். ஈசிஜி பழையபடி ஆகிவிட்டது.

அன்றிலிருந்து இதே யோசனைதான். மின்சாரம் முதலில், சுருக்கம் அப்புறம் என்றுதான் படித்திருக்கிறேன். மின்துடிப்பு தசைக்குக் கட்டளை போடுகிறது, தசை கேட்கிறது. இங்கே ஒரு வயர் சும்மா சுவரில் இடித்ததற்கு மின்துடிப்பு எப்படிப் பிறந்தது? ஏவல் ஆள் முதலாளிக்குக் கட்டளை போட்ட கதையாக இருக்கிறதே?

இரவுப்பணி:
நான் மயக்க மருந்து டாக்டர். அந்தத் தாளம் மாறுவதுதான் எங்களுக்கு 'வயர் போதும், நிறுத்து' என்ற அடையாளம். நுனி இதயத்துக்குள் போய்ச் சுவரைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். வெளியே இழுத்தால் பெரும்பாலும் அத்தோடு சரி. தினமும் பார்ப்பதால் எங்களுக்கு அது அதிசயமாகவே தெரிவதில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் நானும் யோசிக்கிறேன், எத்தனை வருஷமாக இதைக் கேள்வி கேட்காமல் கடந்து போயிருக்கிறேன் என்று.

பழையமாணவன்:
இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இதயம் நீண்டால் நரம்பு மூலம் மூளைக்குச் செய்தி போகும், அங்கிருந்து பதில் வரும். பெயின்பிரிட்ஜ் 1915-லேயே காட்டிவிட்டார்: நாயின் சிரைக்குள் திரவத்தை ஏற்றினால் இதயம் வேகமாகத் துடிக்கும், சம்பந்தப்பட்ட நரம்புகளை வெட்டிவிட்டால் அந்த வேகம் வராது. அப்புறம் வயர் உலோகம். அதில் ஏதாவது கசிவு மின்சாரம் வந்திருக்கலாம். கருவி பார்க்கிறவருக்கு இது தெரியாதா?

கம்பிவலை:
கசிவு மின்சாரம்தான் எனக்கும் முதலில் தோன்றியது சார். ஆனால் வயரின் மறுமுனை எந்தக் கருவியோடும் சேரவில்லை. கையுறை போட்ட கையில் இருந்தது, அவ்வளவுதான்.

தவளைக்கால்:
பிளாஸ்டிக் குழாய் பட்டாலும் அதே துடிப்புதான் வரும். அதனால் உலோகத்தை விட்டுவிடுவோம்.

நரம்பு விஷயத்தில் பழையமாணவன் சார் சொன்னது பாதி சரி. பெயின்பிரிட்ஜ் கண்டது உண்மை, ஆனால் அது முழுக் கதை இல்லை. 1956-ல் பிளிங்ஸ் என்பவர் இதயத்தை உடலிலிருந்து தனியே எடுத்து, வலது மேலறைக்குள் அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தார். அப்போதும் துடிப்பு வேகமாகியது. மூளையே இல்லை, எந்த நரம்பு பதில் சொன்னது? இன்னும் ஒன்று: மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களுக்கு அந்த இதயத்தோடு நரம்புத் தொடர்பு அறுபட்டிருக்கும். அவர்களுக்கும் மூச்சை இழுத்து விடும்போது துடிப்பின் வேகம் மிக லேசாக ஏறி இறங்குகிறது. மூச்சு இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து, இதயத்துக்கு ரத்தம் அதிகம் வருகிறது, இதயத்தின் தாளத்தைத் தொடங்கி வைக்கும் சைனஸ் கணு இழுபடுகிறது. நரம்பில்லாமலேயே அந்த இழுப்பு வேலை செய்கிறது.

இதற்கு 'இயந்திர–மின் பின்னூட்டம்' என்று பெயர். மின்சாரத்திலிருந்து சுருக்கத்துக்குப் போகும் பாதை எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. சுருக்கத்திலிருந்து மின்சாரத்துக்குத் திரும்பி வரும் பாதைதான் ஓரத்துக்குறிப்பாக நின்றுவிட்டது. முதலாளி–ஏவலாள் உவமை பிடித்திருந்தது, ஆனால் இரண்டு பேரும் ஒரே செல்லுக்குள் குடியிருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கம்பிவலை:
நன்றி சார். கேஸ் அடுப்பு லைட்டரில் படிகத்தை அழுத்தினால் பொறி வருகிறதே, அது மாதிரியா? அழுத்தம் நேரடியாக மின்சாரமாக மாறுகிறதா?

தவளைக்கால்:
இல்லை. எல்லோரும் முதலில் அங்கேதான் வழுக்குகிறார்கள். லைட்டரில் கை கொடுத்த சக்தியே மின்சாரமாகிறது. இதயச் செல்லில் மின்சாரம் ஏற்கனவே சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஓய்வில் இருக்கும் கீழறைச் செல்லின் உட்பக்கம் வெளியைவிட ஏறக்குறைய 85 மில்லிவோல்ட் தாழ்ந்து இருக்கும். சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்புகள் இரவு பகலாக ஓடிச் சேர்த்த மூலதனம் அது. செல் சவ்வில் சில புரதக் கதவுகள் உண்டு. சவ்வு இழுபட்டால் அவை திறக்கும். அழுத்தத்தின் வேலை கதவைத் திறப்பது மட்டும். ஓடுவது பழைய சேமிப்பு.

இப்படிப்பட்ட கதவு ஒன்றில் ஓடும் மின்னோட்டத்தை முதன்முதலில் நேரடியாக அளந்து காட்டியது 1984-ல், குஹாரேயும் சாக்ஸும், கோழிக்குஞ்சின் எலும்புத்தசையில். 2010-ல் பியெட்சோ 1, 2 என்ற இரண்டு புரதங்கள் அடையாளம் காணப்பட்டன, அதற்காக 2021-ல் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பெயரைப் பார்த்து லைட்டர் படிகத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கிரேக்கத்தில் அழுத்துவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து இரண்டுக்கும் பெயர் வந்தது, அவ்வளவுதான் உறவு.

பந்துவீச்சு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில் டமார் ஹாம்லின் மார்பில் மோதல் பட்டு, எழுந்து நின்று, அப்படியே சரிந்து விழுந்தாரே, அது இதுதானா? ஒரே ஆட்டத்தில் நூறு முறை மார்பில் மோதிக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்கு ஏன் ஆவதில்லை?

இரவுப்பணி:
இதுதான். 'கமோஷியோ கார்டிஸ்' என்று அந்த ஏப்ரலில் அவரே சொன்னார். விலா எலும்பு முறிந்திருக்காது, இதயத்தில் கிழிசல் இருக்காது, ஆனாலும் இதயம் நின்றுவிடும். ஆடுகளத்திலேயே மார்பை அழுத்தி, ஷாக் கொடுத்துத்தான் அவரைப் பிழைக்க வைத்தார்கள்.

ஏன் மற்றவர்களுக்கு ஆவதில்லை என்பதற்கு 1998-ல் மார்க் லிங்கும் கூட இருந்தவர்களும் பதில் கண்டார்கள். மயக்கம் கொடுத்த பன்றிக்குட்டிகளின் மார்பில், பேஸ்பால் எடையுள்ள மரக்கட்டை ஒன்றை மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தார்கள். ஈசிஜியைப் பார்த்து, துடிப்பின் எந்தக் கணத்தில் அடி விழ வேண்டும் என்று குறி வைத்து அடித்தார்கள். ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் கடைசியிலும் ஒரு மேடு வரும், கீழறைச் செல்கள் பழைய நிலைக்கு இறங்குவதன் அடையாளம், அதுதான் டி அலை. அடி டி அலையின் உச்சிக்கு 30 முதல் 15 மில்லிவினாடி முன்னால் விழுந்தபோது 10 அடிக்கு 9-ல் கீழறை ஃபிப்ரிலேஷன், அதாவது கீழறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குவது. அந்த இடைவெளிக்கு வெளியே விழுந்தால் ஃபிப்ரிலேஷன் இல்லை. சுருக்கம் தொடங்கும் கூர்முனையில் விழுந்த சில அடிகளுக்கு மின்பாதை தற்காலிகமாக அடைபட்டது.

15 மில்லிவினாடி அகலமுள்ள ஒரு சன்னல். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 800 மில்லிவினாடி. அடி எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சன்னலில் விழ ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைந்த வாய்ப்பு. அதுவும் அடி நேராக இதயத்தின் மேலேயே விழ வேண்டும். பின்னால் செய்த பரிசோதனைகளில் வேகமும் ஒரு நிபந்தனை என்று தெரிந்தது. 64 கிலோமீட்டர் சுமாரில்தான் ஆபத்து உச்சம். அதைவிட வேகமாக அடித்தால் ஃபிப்ரிலேஷன் குறைந்து, காயம் கூடுகிறது.

பந்துவீச்சு:
கிழியாமலே கொல்கிறது என்பதுதான் பயமாக இருக்கிறது.

தவளைக்கால்:
டாக்டர் சொன்ன நேரக் கணக்குதான் இந்த முழு விஷயத்தின் சாவி. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இழுத்தால் திறக்கும் கதவுகளில் ஒரு வகை சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாவற்றையும் பேதம் பார்க்காமல் விடும். அது திறந்தால் செல்லின் மின்னழுத்தத்தைத் தன் பக்கம் இழுக்கும். தன் பக்கம் என்றால் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே, −10, −20 மில்லிவோல்ட் சுமாரில். இப்போது மூன்று நேரங்களைப் பாருங்கள்.

செல் ஓய்வில், −85-ல் இருக்கும்போது இழுத்தால் மின்னழுத்தம் மேலே ஏறும். போதுமான அளவு ஏறிவிட்டால் செல் தானே வெடித்துக் கிளம்பும், கூடுதல் துடிப்பு ஒன்று பிறக்கும். கம்பிவலை பார்த்த மூன்று துடிப்பும் இதுதான்.

செல் மின்துடிப்பின் உச்சியில், பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்போது இழுத்தால் அதே கதவு கீழே இழுக்கும். மின்துடிப்பு சீக்கிரம் முடியும்.

துடிப்பு முடியப் போகிற நேரத்தில், செல் −20-ஐத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் மறுபடி மேலே. மின்துடிப்பின் வால் நீளும், சில நேரம் வாலிலேயே ஒரு புதுக் கூம்பு முளைக்கும்.

ஒரே இழுப்பு, ஒரே கதவு. இழுத்தால் மின்துடிப்பு குறுகுமா நீளுமா என்று வருஷக்கணக்கில் ஆளுக்கொரு பதில் வந்ததற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதிக்குக் காரணம், பொட்டாசியத்தை மட்டும் விடும் இன்னொரு கதவும் இழுத்தால் திறக்கும். ட்ரெக்–1 அந்த ரகம். அது எப்போதும் கீழ்ப்பக்கம்தான் இழுக்கும்.

பிராணிக்குப் பிராணியும் மாறுகிறது. கினிப் பன்றியின் சைனஸ் கணுவை இழுத்தால் வேகமாகும், சுண்டெலியின் கணுவை இழுத்தால் மெதுவாகும். இரண்டின் மின்துடிப்பு வடிவமும் வேறு, அதனால் எந்தப் பக்கத்தில் எத்தனை நேரம் நிற்கின்றன என்பதும் வேறு. சுண்டெலியில் மட்டும் பார்த்துவிட்டு மனிதனுக்குச் சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

பழையமாணவன்:
சரி, நரம்பு மட்டும் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நரம்பே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். உயிரோடு இருக்கும் உடம்பில் இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும்.

தவளைக்கால்:
முழுச் சம்மதம். நரம்பின் பங்குதான் பெரியது என்பதிலும் சண்டை இல்லை.

நீலவானம்:
நான் மருத்துவத் துறை இல்லை. அம்மாவுக்குச் சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது. இரண்டு வருஷமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். 'மேலறை பெரிதாகிவிட்டது, அதனால்தான்' என்று டாக்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். பெரிதானால் ஏன் தாளம் தப்ப வேண்டும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். இங்கே கேட்கலாமா?

இரவுப்பணி:
தாராளமாகக் கேளுங்கள் அம்மா. சிகிச்சை பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன், அதை அவர்களைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

வால்வு குறுகினால் இடது மேலறையிலிருந்து ரத்தம் கீழே இறங்கச் சிரமப்படும், தேங்கும். உள்ளே அழுத்தம் ஏறும், மெல்லிய சுவர் விரியும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல்லுக்கு ஒரு சிறு ஓய்வு நேரம் உண்டு (தவளைக்கால் சொன்ன −85 ஓய்வு வேறு, இது வேறு). அந்த நேரத்தில் எது வந்து தட்டினாலும் அது பதில் சொல்லாது. தறிகெட்ட மின்னலை சுற்றிச் சுற்றி வராமல் தடுப்பது அந்த ஓய்வுதான். 1997-ல் ராவெல்லியும் அலெஸியும் முயலின் இதயத்தில் மேலறை அழுத்தத்தை ஏற்றினார்கள். ஓய்வு நேரம் சுமார் 80 மில்லிவினாடியிலிருந்து 50-க்கும் கீழே வந்துவிட்டது, ஃபிப்ரிலேஷன் சுலபமாகக் கிளம்பியது. அழுத்தத்தை இறக்கியதும் சில நிமிடங்களில் எல்லாம் பழையபடி.

நீலவானம்:
அப்படியானால் வால்வைச் சரி செய்துவிட்டால் அம்மாவுக்கும் தாளம் திரும்பிவிடுமா?

இரவுப்பணி:
இங்கேதான் முயலும் மனிதரும் பிரிகிறார்கள். அந்த முயலுக்கு நடந்தது நிமிடக் கணக்கு. பல வருஷமாக விரிந்தே இருக்கும் மேலறையில் வேறு கதை நடந்திருக்கும். செல்களுக்கு நடுவே நார் படியும், செல்லையும் செல்லையும் இணைக்கும் மின்பாலங்கள் இடம் மாறும், அலை அங்கங்கே தயங்கித் தயங்கிப் போகும். நாள்பட்ட விரிவில் ஓய்வு நேரம் குறைவதுகூட இல்லை, சில நேரம் நீள்கிறது. கோளாறு அலை ஓடும் பாதைக்கு மாறிவிடுகிறது. சுமையை இறக்கினால் கொஞ்சம் மீளும், நார் அப்படியே கிடக்கும். அதனால் சிலருக்குத் தாளம் திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. எவ்வளவு நாளாக, எவ்வளவு பெரிதாக என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நீலவானம்:
புரிந்தது டாக்டர். நல்லதோ கெட்டதோ, காரணம் தெரிந்தால் மனசு கொஞ்சம் அடங்குகிறது.

கணக்குப்பிள்ளை:
இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் கணினியில் இதய மாதிரி செய்கிறவன். எங்கள் துறையின் ஒரு சின்ன அசிங்கத்தைச் சொல்கிறேன்.

இதயத்தின் மேல் மின்னலை ஓடுவதை கேமராவில் பிடிக்க, மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒளி மாறும் சாயத்தைப் பாய்ச்சுவார்கள். படம் அற்புதமாக வரும். ஆனால் இதயம் துடித்தால் படம் ஆடிவிடும். என்ன செய்வார்கள்? பிளெபிஸ்டாட்டின் என்ற மருந்தைப் போட்டுச் சுருக்கத்தை நிறுத்திவிடுவார்கள். மின்சாரம் ஓடும், தசை அசையாது. பல வருஷமாக நாங்கள் மாதிரிகளைச் சரிபார்த்தது இப்படி அசையாத இதயத்தின் படங்களை வைத்துத்தான். எங்கள் மாதிரியில் இருந்த இதயமும் அசையாத கட்டம் போட்ட வலைதான். இரண்டும் அழகாகப் பொருந்தின! பொருந்தாமல் என்ன செய்யும்?

வலையை அசைய விட்டபோது பழைய முடிவுகள் சில ஆட்டம் கண்டன. நிலையாகச் சுழன்றுகொண்டிருந்த அலை இடம்விட்டு நகர்ந்தது, சில நேரம் உடைந்தது.

கம்பிவலை:
ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஆட்டத்தின் விளைவைத் தேடியிருக்கிறீர்கள்! எங்கள் தொழிலில் இதற்குப் பெயரே உண்டு. லோடைக் கழற்றிவிட்டு மோட்டாரைச் சோதிப்பது. மேஜைமேல் நன்றாக ஓடும், மாட்டியதும் நிற்கும்.

தவளைக்கால்:
அருமை. லோடு என்றதும் ஞாபகம் வந்தது, கதவுகள் மட்டுமே பதில் இல்லை. கால்சியம் வழியாகவும் ஒரு பாதை போகிறது.

மாரடைப்பில் ஒரு பகுதித் தசை பலவீனமாகிவிட்டது என்று வையுங்கள். பக்கத்தில் நல்ல தசை. சுருங்கும் நேரத்தில் பலமான பக்கம் பலவீனமான பக்கத்தை இழுத்து நீட்டிவிடும், கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. துடிப்பு முடிந்து பலமான பக்கம் பிடியை விட்டதும் பலவீனமான பக்கம் வெடுக்கென்று சுருண்டு குறுகும். நீண்டிருந்தபோது தசை இழையின் ட்ரோப்போனின் என்ற புரதம் கால்சியத்தை இறுகப் பிடித்திருக்கும். குறுகியதும் அந்தப் பிடி தளர்ந்து கால்சியம் செல்லுக்குள் சிதறும். அதை வெளியேற்ற செல் ஒரு பரிமாற்றம் செய்கிறது: ஒரு கால்சியம் வெளியே, மூன்று சோடியம் உள்ளே. கணக்குப் போடுங்கள், இரண்டு நேர்மின்சுமை போக மூன்று வருகிறது. நிகரமாக ஒன்று உள்ளே. அது போதும், மின்னழுத்தம் ஏறி, வரக் கூடாத நேரத்தில் ஒரு துடிப்பு கிளம்ப.

இது தழும்பின் நடுவில் நடக்காது. நல்ல தசையும் கெட்ட தசையும் சந்திக்கும் எல்லையில்தான் நடக்கும்.

பந்துவீச்சு:
மார்பில் குத்தினால் இதயம் நிற்கும் சரி. படங்களில் குத்தி உயிர் கொடுக்கிறார்களே, அது ரீலா?

இரவுப்பணி:
முக்கால்வாசி ரீல். கால்வாசி உண்மை, அதுவும் பழைய உண்மை. 1920-ல் ஷாட் என்பவர், கீழறை துடிக்காமல் நின்றுபோன நோயாளியின் மார்பில் முஷ்டியால் தட்டித் துடிப்பை வரவைத்ததை எழுதினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துடிப்பு. வயர் செய்ததை வெளியிலிருந்து கை செய்கிறது. மேலறை மட்டும் துடித்துக் கீழறை சும்மா இருக்கும் நிலையில் இன்றும், பேஸ்மேக்கர் வரும்வரை கையால் தட்டி ஓட்டுவது உண்டு. ஃபிப்ரிலேஷனில் ஒரே குத்தில் எழுப்புவது அபூர்வத்திலும் அபூர்வம். யாராவது விழுந்தால் குத்திக்கொண்டு நிற்காதீர்கள். மார்பை அழுத்துங்கள், ஷாக் கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பழையமாணவன்:
இத்தனை தெரிந்த பிறகு, அந்தக் கதவை அடைக்க ஒரு மருந்து வந்திருக்க வேண்டுமே?

தவளைக்கால்:
வலை விரித்தாயிற்று, மீன்தான் சிக்கவில்லை. முதலில் கடோலினியம் உலோக அயனியை வைத்து அடைத்தார்கள். அது மற்ற கதவுகளையும் அடைக்கும், போதாததற்குப் பாஸ்பேட்டையும் பைகார்பனேட்டையும் கண்டால் படிந்து போகும், ரத்தத்தில் இரண்டும் தாராளம். அப்புறம் ஒரு டரான்டுலா சிலந்தியின் நஞ்சிலிருந்து ஜிஎஸ்எம்டிஎக்ஸ்–4 என்ற குட்டிப் புரதம் கிடைத்தது. 2001-ல் முயலின் விரிந்த மேலறையில் ஃபிப்ரிலேஷனை அடக்கியது. ஆய்வகத்தில் அது இன்றும் செல்லப்பிள்ளை. மாத்திரையாக மட்டும் வரவில்லை. பாலூட்டி இதயத்தில் அந்தப் பேதம் பார்க்காத கதவு எந்தப் புரதம் என்பதிலேயே இன்னும் சச்சரவு இருக்கிறது. பூட்டு எது என்று முடிவாகாமல் சாவி செய்வது கஷ்டம்.

இப்போதைக்கு நடைமுறையில் இருக்கும் வைத்தியம் சுமையை இறக்குவதுதான். ரத்த அழுத்தத்தைக் குறை, தேங்கிய நீரை வடி, வால்வைச் சரி செய்.

கம்பிவலை:
மறுபடியும் நான். இன்று அதே பிரிவில் வேலை. இன்னொருவருக்கு வயர் விட்டார்கள், அனுமதி கேட்டு ஈசிஜியை அச்செடுத்துக்கொண்டேன். நான்கு கூடுதல் துடிப்புகள். சின்னக் கட்டம் ஒன்றுக்கு 40 மில்லிவினாடி என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு துடிப்புகள் டி அலை முடிந்து நிறைய தூரம் தள்ளி வந்தன. ஒன்று டி அலை முடிந்த கையோடு. ஒன்று ஏறக்குறைய டி அலையின் மேலேயே!

இப்போது என் கேள்வி: வயர் ஒன்றும் நேரம் பார்த்துத் தொடவில்லை. அந்த ஆபத்தான சன்னலிலும் எத்தனையோ முறை விழுந்திருக்கும். ஏன் எல்லோருக்கும் ஃபிப்ரிலேஷன் வருவதில்லை?

இரவுப்பணி:
நல்ல கேள்வி. தீ பிடிக்கப் பொறியும் வேண்டும், காய்ந்த புல்லும் வேண்டும். வயர் நுனி தொடுவது ஒரு புள்ளியை. பொறி மட்டும் விழும், சுற்றியிருக்கும் தசை தன்பாட்டுக்கு ஒழுங்காக ஓய்வுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். பந்தின் அடி கீழறையின் பெரிய பகுதியை ஒரே கணத்தில் இழுக்கிறது. தவளைக்கால் சொன்ன கணக்கை அங்கே போட்டுப் பாருங்கள். டி அலை நேரத்தில் ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு கட்டத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த இழுப்பு சிலவற்றின் துடிப்பைச் சுருக்கும், சிலவற்றை நீட்டும். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒத்துப்போகாத அந்தக் குழப்பம்தான் காய்ந்த புல். பொறியும் அதே அடி, புல்லைக் காய வைப்பதும் அதே அடி. அதற்காக வயர் அப்பாவி என்று சொல்லவில்லை. நோய்ப்பட்ட இதயத்தில் புல் ஏற்கனவே காய்ந்திருக்கலாம், அதனால்தான் சத்தம் மாறியதுமே இழுத்துவிடுகிறோம்.

அந்த டி அலை மேல் விழுந்த துடிப்பை இங்கே போடுங்கள், பார்க்கலாம். நோயாளியின் பெயர், எண் எதுவும் தெரியாமல் மறைத்துவிடுங்கள். காகிதத்தை அப்படியே டிராயரில் வைக்காதீர்கள், வெப்பக் காகிதம், சில மாதத்தில் மங்கிவிடும். இன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

கம்பிவலை:
எடுத்தாயிற்று டாக்டர். மறைத்துவிட்டுப் போடுகிறேன்.